வகுக்கும் எண் வலப்பக்கம்

என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டிலும் பெரிய குறையில்லை. கணக்குதான் வரவில்லை. கணக்கு வராத பிள்ளைகள் ஊருக்கு ஆயிரம் இருக்கும், அதற்காக ஒரு தாய் இப்படியா பதறுவாள் என்று கேட்கலாம். நான் பதறினேன். காரணம் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் தலத்தெருவில் குடியிருந்தோம். எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்கிற பெண் பிள்ளைகள் காரைக்கால் டவுனுக்குள் போக வேண்டும். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு மே மாதம் ஒரு பரீட்சை வைப்பார்கள். அங்கேயே கீழ் வகுப்புகள் படித்த பிள்ளைகளுக்கு அது கிடையாது. மிச்சமிருக்கிற சொற்ப இடத்துக்குச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து எழுதுவார்கள். தமிழில் ஒரு தாள், கணக்கில் ஒரு தாள்.

அந்தப் பரீட்சையை நானும் எழுதியவள்தான். கோட்டுச்சேரியிலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் வந்தேன், புதுப் பாவாடை கட்டிக்கொண்டு. கணக்குத் தாளில் கோட்டை விட்டேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அன்பாகத்தான் சொன்னார், திரும்பும்போது வறுத்த பட்டாணிகூட வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் வந்தபோது அவருடைய மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க ஆளில்லை. அதற்கடுத்த வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடம் இருந்ததே, அங்கே போயிருக்கலாமே என்று என் மகள் இன்றைக்கும் கேட்கிறாள். இருந்தது. ஆனால் வீட்டோடு இருந்து பழகிய பெண்ணை மறுபடி பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப யாருக்கும் தோன்றவில்லை. படிக்காதே என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஆகவே என் மகள் ஐந்தாவதுக்குப் போன ஜூன் மாதம், அவளுடைய டீச்சர் என்னை வாசலில் நிறுத்தி, தமிழ் அருமையாகப் படிக்கிறாள், கணக்கில் மட்டும் வகுத்தல் வரவில்லை, வீட்டில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்த டீச்சர் மாயவரம் பக்கத்துப் பெண். சின்ன வயது, கறாரானவர், நல்லவர். நான் என்னத்தைப் பார்த்துக்கொள்வது? வகுத்தல் எனக்கு அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வராது. கடையில் மிச்சச் சில்லறையை விரல் மடக்கித்தான் சரிபார்ப்பேன்.

என் கணவர் இருந்தார். மேரியில், அதாவது எங்களூர் நகராட்சி ஆபீசில், அவர் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கணக்கு என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மீன்காரியிடம் நான் பேரம் முடிப்பதற்குள் இவர் ஈஸி சேரில் இருந்தபடியே மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவார். ஏழு எழுதினால் அதன் இடுப்பில் ஒரு கோடு போடுவார், ஒன்று எழுதினால் தலையில் கொக்கி வைப்பார். ஆபீசில் எல்லாம் இங்கிலீஷுக்கு மாறிப்போனதில் அவருக்கு உள்ளூரக் குமைச்சல் உண்டு. நேற்று வந்த பையன்கள் எல்லாம் மேலே போகிறான்கள், நான் இருந்த நாற்காலியிலேயே இருக்கிறேன் என்பார். மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்று சாயங்காலமே சாக்கட்டியோடு வந்துவிட்டார்.

கூடத்துச் சிமெண்டுத் தரைதான் கரும்பலகை. ஆபீசிலிருந்து வந்து காபி குடித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவார். மகள் எதிரே சப்பணம் போட்டு உட்காருவாள். நான் அடுக்களையிலிருந்து காது கொடுத்துக் கேட்டபடி இருப்பேன். கேட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்பேன். ஒரு மாதத்தில் பிள்ளை பிடித்துக்கொண்டாள். தரை முழுக்க எண்கள். நான் அதைத் துடைக்கக் கூட யோசிப்பேன். அந்த ஆடியில் அம்பகரத்தூர் கோவிலுக்குப் போன பக்கத்து வீட்டம்மா, அம்மனிடம் நம் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். நான் ஏற்கெனவே மாதா கோவிலில் மகள் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். இருக்கட்டும், இரண்டு பக்கமும் சொல்லி வைப்பது நல்லதுதான் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

காலாண்டுப் பரீட்சையில் வகுத்தல் கணக்கு எல்லாவற்றுக்கும் முட்டை. ஒன்றிரண்டு இல்லை, எல்லாவற்றுக்கும். மகள் தாளை என்னிடம் நீட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். டீச்சர் மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அந்த மரியாதையே எனக்குப் பயமாக இருந்தது.

"விடை எல்லாம் சரிதாம்மா" என்றார். "ஆனா போட்ட வழியே காணும். வெறும் விடை மட்டும் எப்படி வரும்? யாரப் பாத்து எழுதினேன்னு கேட்டா அழுவுறா."

திருட்டுப் பட்டம். ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு. எனக்கு ரத்தம் கொதித்தது, ஆனால் டீச்சரிடம் கோபப்பட்டால் பிள்ளைக்கு ஆகாதே என்று விழுங்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் என் கணவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை, தாளை வாங்கிப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தானே போட்டிருக்கிறாள் என்றார். சரிதான் என்று எனக்கும் தெரியும், அதைத்தான் டீச்சரும் சொல்கிறார் என்று கத்தினேன்.

விஷயம் இதுதான். இவர் படித்த பள்ளிக்கூடத்தில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதுவார்கள், ஒரு கோடு போட்டு விடையை அதன் கீழே எழுதுவார்கள். பெருக்குவது, கழிப்பது எல்லாம் மனசுக்குள். மீதி மட்டும்தான் வெளியே தெரியும். டீச்சர் சொல்லிக்கொடுத்த வழியில் வகுக்கும் எண் இடப்பக்கம், விடை வலப்பக்கம், பெருக்கியது ஒரு வரி, கழித்தது ஒரு வரி என்று ஏணிப்படி மாதிரி இறங்கி வர வேண்டும். மகளிடம் இரண்டு வழியும் இருந்தன. எது சுருக்கமோ அதை அவள் பரீட்சையில் எழுதிவிட்டாள். எழுதினதில் தப்பு என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பா சொல்லிக்கொடுத்தது.

மறுநாள் அவர் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். என்ன பேசினார்களோ, கரும்பலகையில் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாராம், டீச்சரும் பார்த்தாராம். பார்த்து எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டு, மகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தாராம். ஆனால் மே மாதம் மடத்துப் பரீட்சையில் திருத்துகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும், இது அங்கே செல்லாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பொம்பளைப் பிள்ளை எதிர்காலம் சார், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றாராம். நியாயமான பேச்சுதான். இவர்தான் நியாயத்துக்கு வரவில்லை.

"மொசே பிரம்பால அடிச்சு சொல்லிக்குடுத்த கணக்கு இது" என்றார் என்னிடம். மொசே என்பது அவருடைய பிரெஞ்சு வாத்தியார். "இது தப்புன்னா நான் படிச்சதெல்லாம் தப்பா?"

அவர் சாக்கட்டியை விடவில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் இடப்பக்கம், பொழுது சாய்ந்தால் வீட்டில் வலப்பக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில் பிள்ளை குழம்ப ஆரம்பித்தாள். முன்பாவது விடை சரியாக வந்தது, இப்போது அதுவும் போயிற்று. இடப்பக்கம் ஆரம்பித்து வலப்பக்கம் முடிப்பாள். ஈவு இருக்க வேண்டிய இடத்தில் மீதி இருக்கும். நான் அவளுடைய பையை வாங்குவதற்கு முன்பே இன்றைக்குக் கணக்கு போட்டார்களா, எத்தனை சரி என்று கேட்பேன். கேட்காமல் இருக்க வேண்டும் என்று மத்தியானம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன், அவள் தலை தெரு முனையில் தெரிந்ததும் வாயில் வந்துவிடும். நகம் கடிக்கத் தொடங்கினாள். விரலில் வேப்பெண்ணெய் தடவினேன். கசப்போடு கடித்தாள். கணக்குப் பரீட்சை இருக்கிற காலைகளில் வயிற்று வலி என்பாள். ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பேன். பொய் வலியா நிஜ வலியா என்று அவள் முகத்தைக் கூர்ந்து பார்ப்பேன். இப்போது நினைத்தால், வலி என்றால் வலிதான், அதில் என்ன பொய் நிஜம்.

அரையாண்டில் இன்னும் மோசம். கிறிஸ்மஸ் வந்தது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். கூடத்தில் இவர் லீவு நாளில்கூட விடாமல் ஏதோ சொல்லிக் கொடுக்கிறார், பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு தரையையே பார்க்கிறாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். மாவுக் கையோடு போய் நின்றேன்.

"நிறுத்துங்க" என்றேன். "ஒங்க படிப்பு பெருசுதாங்க. அத வச்சு எம்பொண்ணு படிப்ப முடிச்சுடாதீங்க."

அவரை நான் அப்படிப் பேசியதில்லை. அவர் சாக்கட்டியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அரசலாற்றுப் பக்கம் நடந்து போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் வெற்றியாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். மிச்ச மாவைப் பிழிந்து முடித்தேன்.

ஆனால் என் வெற்றி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவர் ஆபீஸ் விட்டு நேரே வருவதை நிறுத்திக்கொண்டார். வந்தாலும் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். பிள்ளைக்கு இது எப்படிப் பட்டது என்பதை நான் யோசிக்கவே இல்லை. தனக்குக் கணக்கு வராததால் அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இடப்பக்கமும் போடவில்லை, வலப்பக்கமும் போடவில்லை. பையைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். நான் மிரட்டினேன், கெஞ்சினேன், கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ரிப்பன் வாங்கிக் கொடுத்தேன். ரிப்பனைக் கட்டிக்கொண்டாள், கணக்கு மட்டும் போடவில்லை. மார்கழி போய், தை போய், பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கனவில் என் அப்பா பட்டாணிப் பொட்டலத்தோடு வந்து நிற்பார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது அவளேதான். ஒருநாள் டீச்சர் கொடுத்த கணக்கை ஏணிப்படி மாதிரி போட்டுக்கொண்டு போய், அப்பா பிடித்திருந்த பேப்பருக்குக் கீழே நீட்டினாள்.

"சொல்லித் தர வேணாம்ப்பா" என்றாள். "சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க."

இவர் பேப்பரை இறக்கினார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விடையைச் சரிபார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது வந்தால் தள்ளி, தள்ளி, மிஞ்சுகிறதை ஒப்பிட்டுப் பார்ப்பது. இவர் அதை மனசுக்குள்ளேயே செய்வார், உதடு மட்டும் அசையும். தப்பு என்றார். எங்கே தப்பு என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அவள் திரும்பப் போய்ப் போட்டுக் கொண்டுவந்தாள். சரி என்றார்.

அதிலிருந்து அப்படியே போயிற்று. ஒரு கணக்கு முடிந்ததும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். நான் அடுக்களை வாசலில் வந்து நின்றால் என் முகத்தையும் பார்ப்பாள். ஏப்ரல் முழுப் பரீட்சையில் தேறிவிட்டாள், டீச்சர் அவளுக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். எனக்கு அப்போதும் நிம்மதி இல்லை. ஊர்ப் பரீட்சை என்ன, மடத்துப் பரீட்சையல்லவா கணக்கு.

மே மாத வெயிலில் மடத்து மதிலுக்கு வெளியே நாங்கள் இருவரும் நின்றோம். இவர் எதிர்ப்பக்கம் மர நிழலுக்குப் போய்விட்டார். நான் கேட்டை விட்டு நகரவில்லை. ஜெபமாலை கையில் இருந்தது, உருட்டினேனே தவிர ஒரு மணிக்கும் ஜெபம் சொன்னதாக ஞாபகம் இல்லை. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். இவள் கடைசியில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. எல்லாம் எழுதினாயா என்று கேட்டேன். எழுதினேன் என்றாள். பிறகு அப்பா நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசிக் கணக்குக்கு நேரமில்லை, அதை அப்பா மாதிரி போட்டுவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

ஒரு கணக்கு என்றால் ஒரு இடம் போயிற்று என்றுதான் எனக்குக் கணக்கு. அப்பாவிடம் சொல்லாதே என்றேன். அவள் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் அவர் எப்படி எழுதினாள் என்று கேட்டபோது நன்றாக எழுதினாளாம் என்று சொன்னேன். அடுத்து வந்த நாட்களில் எனக்கு வயிற்று வலி வந்தது. ஓமத் தண்ணீரை நான் குடித்தேன்.

மடத்திலிருந்து ஆள் வந்தது. பெற்றோர் இருவரும் பிள்ளையோடு வந்து மதரைப் பார்க்க வேண்டும். தலைமைச் சகோதரியை எல்லாரும் மதர் என்றுதான் சொல்வார்கள். தேறின பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லி அனுப்புவார்களே, எதற்கு இருவரையும் வரச் சொல்கிறார்கள் என்று எனக்கு உதறலெடுத்தது. பார்த்து எழுதினாள் என்று மறுபடி சொல்லப்போகிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். வழியில் இவரிடம் கடைசிக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் நடையை நிறுத்தினார்.

"எம்மாதிரியா போட்டா?" என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

மதர் வயதானவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். மேஜையில் என் மகளின் தாள் இருந்தது. கடைசிக் கணக்கில் விரலை வைத்து, இப்படிப் போட்டால் மார்க் கிடையாது என்றார். மற்றதெல்லாம் சரி, பிள்ளைக்கு இடம் உண்டு, ஜூனில் கொண்டுவந்து சேருங்கள் என்றார் மதர். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கினது போல் இருந்தது. தோத்திரம் சொல்ல வாயெடுத்தேன்.

மதர் இன்னும் முடிக்கவில்லை. பரீட்சை நடந்தபோது இந்தப் பிள்ளையின் கை பேனா பிடிக்க முடியாமல் நடுங்கியதாம். மேற்பார்வைக்கு நின்ற சிஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாராம். ஒவ்வொரு கணக்கும் போட்டு முடித்ததும் தலையை நிமிர்த்தி அந்த சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்காகத்தான் இருவரையும் வரச் சொன்னது என்றார். பிறகு எங்களை விட்டுவிட்டு என் மகள் பக்கம் குனிந்தார்.

"பயப்படாம சொல்லும்மா. வீட்ல ஒன்ன அடிக்கிறாங்களா?"

ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வி. என் மகள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் என் முகத்துக்கு வந்தாள். எது சரியான விடை என்று தேடினாள்.

அவள் அப்பாதான் சொன்னார்.

"அடிக்கிறதில்லைங்க மதர். ஒருநாளும் கைய வச்சதில்ல. நாங்க ரெண்டு பேரும் பாடம் சொல்லிக் குடுத்ததுல வந்த நடுக்கம் இது."